ஏலக்காரியின் கண்கள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரைதான். எழுத்து கோணலாக வரும், புள்ளி வைக்க மறந்துபோகும். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதும் இப்போதெல்லாம் குழம்புகிறது. நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்காத ஆள் நான். எழுதுவதென்றால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், அதனால் துணிந்துவிட்டேன். என் நாத்தனாருக்கு மூளைத்தண்டில் ரத்தம் கசிந்தது. முடிந்துவிட்டது என்று எங்கள் கரையே சொன்னது. முடியவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்கு வீராம்பட்டினம். படகு வந்ததும் மீனைக் கூடை கூடையாக மணலில் வைத்து ஏலம் விடுவார்கள். எங்கள் பக்கத்துக் கரையில் ஏலம் விட்டவள் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை என்பதால் அறுபது வயதிலும் அவள் எங்களுக்குப் பாப்பாதான். குரல் என்றால் அப்படி ஒரு குரல். கடலில் நிற்கிற படகுக்கே கேட்கும். நான் அவளிடம் ஏலம் எடுத்து, கூடையைச் சுமந்து போய் டவுனில் வீடு வீடாக விற்றவள்.

மற்றப் பெண்கள் கத்திக் கத்தி விலை கேட்பார்கள். எனக்கு அது வராது. கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, வேண்டும் என்றால் கண்ணை மேலே தூக்குவேன். வேண்டாம் என்றால் மணலைப் பார்ப்பேன். இதை நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை, வருஷக்கணக்கில் தானாக அமைந்தது. ஐம்பது தலைக்கு நடுவில் அவள் என் கண்ணை மட்டும் தவற விடமாட்டாள்.

"எங்க அண்ணி கேட்டுட்டாங்க, பாத்துக்குங்க. கண்ணு மேல போயிடுச்சு. வாய்ல என்னா கொழுக்கட்டையா வெச்சிருக்க அண்ணி? அத முழுங்கிட்டு ஒரு நாளாவது பேசேன்."

கரையே சிரிக்கும். எனக்குக் காது சூடாகும். கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவேன்.

பாப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது. தினம் காலையில் சாப்பிட்டதும் ஒரு மாத்திரை. ஆடி மாதம் அம்மன் கோயிலுக்குக் காப்பு கட்டினால் அவள் காலையில் ஒன்றும் சாப்பிடமாட்டாள். சாயங்காலம் பூசை முடிந்துதான் கஞ்சி. கவிச்சி வாயில் படக் கூடாது, கையில் படலாம், தொழில் என்பதால். அந்த வருஷம் காப்பு கட்டின நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அவள் வீட்டு அலமாரியில் மாத்திரை அட்டையைப் பார்த்தேன். ஒன்றுகூடப் பிரிக்காமல் இருந்தது. நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"வெறும் வயித்துல போடக் கூடாதுன்னு நர்ஸம்மா சொல்லியிருக்கு. விரதத்துல எங்க சாப்புடறது? காப்ப அவுத்தப்புறம் போட்டுக்கறேன். நீ உங்கண்ணனுக்கு மொளகா அரைக்கிற மாதிரி மொறைக்காத."

எனக்கு அண்ணனே கிடையாது. வாய்க்கு வந்ததைச் சொல்வாள். நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் நாலு கேலி செய்வாள் என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இதை எழுதும்போதுகூடக் கை நிற்கிறது.

அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து, வெயில் ஏற ஆரம்பித்த நேரம், சங்கரா மீன் கூடை ஏலத்தில் இருந்தது. ஒரு தரம் என்றாள். ரெண்டு தரம் என்கிறபோது குரல் தடித்தது, நாக்கில் மாவு ஒட்டினது போல. நிறுத்தினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கூடையைப் பார்த்தாள்.

"என்னாடி இது, கூடை ரெண்டு ரெண்டா தெரியுது."

"ரெண்டா தெரிஞ்சா ரெண்டையும் எனக்கே குடு," என்றாள் முன்னால் நின்ற ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

பாப்பா சிரிக்கவில்லை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றியது. வாயிலிருந்து என்னவோ குழறலாக வந்தது. கையில் காப்பு, நெற்றி நிறைய அம்மன் கோயில் மஞ்சள் குங்குமம், ஆடி மாதம், உடம்பு ஆடுகிறது. எங்கள் கரையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். "ஆத்தா வந்துட்டா" என்றார்கள். ஒருத்தி ஓடிப்போய் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து தலையில் ஊற்றினாள். இன்னொருத்தி அவள் கையில் வேப்பிலைக் கொத்தைத் திணித்தாள். ஒரு அம்மா காலில் விழுந்து, "எம்பொண்ணுக்கு எப்ப ஆத்தா கல்யாணம் கூடும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நானும் கை கூப்பினேன்.

ஆனால் நான் கண்ணைப் பார்த்தே பழகினவள். சாமி வந்தவளுக்குக் கை இறுகும், வேப்பிலையைப் பிடுங்க முடியாது. பாப்பா கையிலிருந்து அது நழுவி மணலில் விழுந்தது. மறுபடியும் திணித்தார்கள், மறுபடியும் விழுந்தது. இது சாமி இல்லை என்று எனக்குப் பட்டது. அத்தனை பேர் கும்பிடுகிற இடத்தில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் அவள் வாந்தி எடுத்து, மணலில் விழுந்து, குறட்டை போல மூச்சு விட்டபோதுதான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். எத்தனை நிமிஷம் போனது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தைரியம் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மிஷின் வைத்தார்கள். பாப்பாவின் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரே மகன், எங்கள் டவுனை ஒட்டின மேட்டுப்பாளையத்தில் கம்பெனி வேலை. அவனும் நானும்தான் டாக்டரம்மா முன்னால் நின்றோம். சின்ன வயசுப் பெண். எங்களுக்குப் புரிய வேண்டும் என்று ஒரு தாளில் காலிஃபிளவர் போல வரைந்தாள்.

"பூ இருக்குல்ல, அது மூளை. கீழ காம்பு இருக்குல்ல, அதுதான் மூளைத்தண்டு. மேலயிருந்து கை காலுக்குப் போற அத்தன நரம்பும் இந்தக் காம்பு வழியாத்தான் போகணும். மூச்சு, முழுங்குறது, முழிப்பு, எல்லாத்துக்கும் இங்கதான் கட்டுப்பாடு. இங்க ரத்தம் கசிஞ்சிருக்கு."

"ஆபரேசன் பண்ணி எடுத்துட முடியாதா மேடம்?" என்று மகன் கேட்டான்.

"அந்த எடத்துல பெரும்பாலும் கை வெக்க முடியாதுங்க. பிரஷர கட்டுல வெச்சி, மூச்சுக்கு மிஷின் வெச்சி, கசிவு தானா உறையக் காத்திருக்கணும்."

"பொழைப்பாங்களா?"

"பெரிய கசிவா இருந்தா முக்காவாசிப் பேர் பொழைக்கறதில்ல. ஒங்கம்மாவுக்கு ரொம்பப் பெருசு இல்ல, ஆனா எடம் மோசம். இப்பவே ஆமான்னும் சொல்லமாட்டேன், இல்லன்னும் சொல்லமாட்டேன்."

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது. இல்லை என்று சொல்லவில்லை அல்லவா. போகும்போது இன்னொன்றும் சொன்னாள். வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. விழுங்கும் சக்தி இல்லாததால் நேராக நுரையீரலுக்குப் போய்விடும், அதிலேயே உயிர் போய்விடும். அதை மட்டும் நான் மனப்பாடம் செய்துகொண்டேன்.

நாள் போயிற்று. தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார்கள், மூக்கு வழியாகக் கஞ்சி போயிற்று. மயக்க மருந்தையும் குறைத்தார்கள். கை கால் அசையவில்லை, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. கண் மட்டும் திறந்திருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவள் காதருகிலேயே பேசினார்கள்.

"கண்ணு தொறந்திருக்கே தவிர உசுரு இல்ல."

"இப்புடிக் கெடந்து சீரழியறதுக்கு ஆத்தா கூட்டிக்கலாம்."

நான் ஒரு மூலையில் நின்று அவள் கண்ணைப் பார்த்தேன். நாற்பது வருஷம் என் கண்ணை அவள் பார்த்தாள், இப்போது என் முறை. ஒரு நாள் காலையில் அவள் கால் பெருவிரலைத் துடைத்துக்கொண்டே, "தண்ணி ரொம்ப சில்லுன்னு இருக்கா பாப்பா?" என்று சும்மா கேட்டேன். கண் மேலே போனது. துடைப்பதை நிறுத்தினேன். "சூடா இருக்கா?" என்றேன். கண் கீழே இறங்கியது. பக்கவாட்டில் போகவே இல்லை, மேலும் கீழும்தான்.

டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும். வராந்தாவில் அவளைச் சுற்றி ஏழெட்டுப் படிக்கிற பிள்ளைகள் வெள்ளைக் கோட்டோடு நின்றார்கள். நான் போய் ஓரமாக நின்றேன். அவர்கள் வேகமாகப் பேசிக்கொண்டே என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். கூப்பிட வாய் வரவில்லை. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அன்றைக்கு மத்தியானம், பார்வையாளர் நேரத்தில், பாப்பா வீட்டுக்காரரின் அண்ணன் வந்தார். எங்கள் பக்கத்தில் பெரிய மனுஷர். கூடவே மகனும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். வீட்டுக்கு எடுத்துப் போவதாகக் கையெழுத்துப் போடப் பேசி முடித்துவிட்டார்கள் என்று அவன் நடையிலேயே தெரிந்தது. பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். பால்.

"போற வழியில ஆயிடுச்சுன்னா தாகத்தோட போயிடுவா. புள்ள கையால ஒரு சொட்டு நாக்குல வெச்சிடட்டும்," என்றார். கெட்ட எண்ணம் இல்லை. எங்கள் வழக்கமே அதுதான், போகிற உயிருக்குப் பால். அவருடைய அம்மாவுக்கும் அவர் அப்படித்தான் ஊற்றினார்.

மகன் பாட்டிலை வாங்கினான். மூடியைத் திறந்தான்.

பாப்பாவின் கண்ணைப் பார்த்தேன். கண் கீழே, கீழே, கீழே என்று இறங்கிக்கொண்டிருந்தது. வேண்டாம், வேண்டாம், வேண்டாம். அங்கே அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்.

மாத்திரைக்கு வாயை மூடினேன். வேப்பிலைக்கு வாயை மூடினேன். கட்டிலுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"ஊத்தாத. அவளுக்கு எல்லாம் கேக்குது."

என் குரலா என்று எனக்கே சந்தேகம். பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்தாம்மா, இத்தினி வருசமா பேசாத ஆளு, பேச நேரம் பாத்த பாரு. தள்ளு."

"தள்ளமாட்டேண்ணே. அவள கேட்டுட்டு ஊத்துங்க."

"யார கேக்கறது? கட்டையாட்டம் கெடக்குறா."

"நான் கேக்கறேன்."

எப்படிக் கேட்பது? என்ன கேட்டாலும் கண் சும்மா ஆடுகிறது என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரே வழி அவளிடமிருந்து வந்ததுதான். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன். ஜென்மத்தில் ஏலம் கூறாத நான், இருபது கட்டில் இருக்கிற அந்த வார்டில் ஏலம் கூறினேன்.

"பாப்பா, கேட்டுக்க. வேணும்னா கண்ணு மேல, வேணான்னா மணலப் பாரு. வீட்டுக்குப் போறது, ஒரு தரம்."

கண் கீழே இறங்கி நின்றது.

"வீட்டுக்குப் போறது, ரெண்டு தரம். மூணு தரம்."

அசையவில்லை. கீழேயே நின்றது. பெரியவர் என்னவோ சொல்ல வந்தார், நான் நிறுத்தவில்லை.

"ஆஸ்பத்திரியிலயே இருந்து வைத்தியம் பாக்கறது, ஒரு தரம்."

ரெண்டு தரம் என்று சொல்ல விடவில்லை. கண் மேலே போய் இமையை முட்டி நின்றது. அப்படித்தான் இருந்தது, முந்திக்கொண்டு கேட்கிறவள் போல.

மகன் பக்கத்தில் வந்து குனிந்தான். "யம்மா, நான் உம்புள்ளதானே?" கண் மேலே. "நான் மீன் புடிக்கப் போறேன்தானே?" கண் கீழே இறங்கியது. அவன் கடலுக்குப் போகாமல் கம்பெனிக்குப் போனதில் அவளுக்கு இன்றைக்கும் கோபம். அந்தக் கோபத்தையும் அந்தக் கண்ணில் நாங்கள் பார்த்தோம். அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். பெரியவர் பாட்டிலை வாங்கி மூடியை இறுக்கித் திருகினார். திருகிக்கொண்டே இருந்தார்.

பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத் துணையாக இருந்த ஒரு விழுப்புரத்து அம்மா கேட்டாள், "யாருக்கு விழுந்துச்சுக்கா ஏலம்?"

"அவளுக்கேதான்," என்றேன்.

டாக்டரம்மாவுக்குச் சொல்லியனுப்பினார்கள். வந்து, டார்ச் அடித்து, மேலே பாருங்க, கீழே பாருங்க, ரெண்டு தடவை கண் சிமிட்டுங்க என்று எல்லாம் கேட்டுப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "முழுசா உள்ள இருக்காங்கம்மா. கேக்குது, புரியுது, வலி தெரியுது. வெளிய வர்ற வழிதான் அடைஞ்சிருக்கு. இந்த எடத்துல கசிவு வந்தா சில பேருக்கு இப்புடி ஆகும். கண்ணு மேலயும் கீழயும் போறது மட்டும் தப்பிச்சிக்கும்." இனி அவள் காதருகில் யாரும் சாவுப் பேச்சு பேசக் கூடாது என்றும் சொன்னாள். அதைக் காவல் காக்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். வாய் ஒருமுறை திறந்துகொண்டால் மூடுவது கஷ்டம் என்று அப்போது தெரிந்தது. பெரியவரையே ரெண்டு தடவை வெளியே அனுப்பியிருக்கிறேன்.

எதனால் வருகிறது என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதிவிடுகிறேன். முக்கால்வாசி ரத்தக் கொதிப்புதான். அந்தக் காம்புக்குள் போகிற ரத்தக் குழாய்கள் மயிரிழை போல மெல்லிசு. கட்டுப்படாத கொதிப்பு வருஷக்கணக்கில் அடித்து அடித்து அதை நலியவைக்கும், ஒரு நாள் விட்டுப்போகும். சிலருக்குப் பிறவியிலேயே குழாய்கள் முடிச்சாக இருக்குமாம், சின்ன வயசில் வருகிறதற்கு அது ஒரு காரணம். ரத்தத்தை நீர்த்துப்போக வைக்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வரலாம், தலையில் அடிபட்டாலும் வரலாம். சாமி குத்தம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. எங்கள் கோயில் பூசாரியையும் நேரில் போய்க் கேட்டேன். "மாத்திர என்னா சாப்பாடாம்மா? அத நிறுத்துன்னு ஆத்தா எப்ப சொன்னா?" என்றார். டாக்டரம்மாவோ, பாப்பாவுக்குக் கொடுத்த மாத்திரையை வெறும் வயிற்றிலேயே போடலாம், ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள் என்றாள். ஒரு வார்த்தை. அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கச் சொல்லவில்லை.

தேறி வந்தது மெதுவாகத்தான். முதலில் மிஷின் இல்லாமல் மூச்சு. அப்புறம் இடது கைக் கட்டைவிரல், எறும்பு ஊர்வது போல ஒரு அசைவு. படுக்கைப் புண் வராமல் மணிக்கு மணி திருப்பிப் போட்டோம், நெஞ்சில் சளி கட்டி ரெண்டு தடவை பயமுறுத்தினாள். விழுங்கக் கற்றுக்கொடுத்த பெண் தண்ணீர் வேண்டாம் என்றாள், கெட்டியான கேழ்வரகுக் கூழைக் கால் கரண்டியாகக் கொடுக்கச் சொன்னாள். கெட்டியாக இருந்தால்தான் வழி தப்பாதாம். தொண்டை ஓட்டையை மூடியபின் குரல் வந்தது. காற்று மாதிரி ஒரு குரல். முதல் வார்த்தையாகச் சாமி பேரோ மகன் பேரோ சொல்வாள் என்று எல்லாரும் காத்திருந்தோம். என்னைப் பார்த்து, "கொழுக்கட்ட" என்றாள். எனக்கு மட்டும் புரிந்தது. மகனுக்குப் பசி போல என்று பட்டது, வாங்கிவரக் கிளம்பிவிட்டான்.

எல்லாம் திரும்பி வரவில்லை. பொய் எழுத மாட்டேன். நாலு கால் குச்சியை ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறாள். பேச்சு குழறும். கண் இன்னும் ரெண்டாகக் காட்டும், மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கம் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறோம். காரணமே இல்லாமல் சிரிப்பு வரும், அழுகை வரும், அதுவும் அந்தக் கசிவின் மிச்சம் என்கிறார்கள். முதல் ஆறு மாதத்தில் வந்ததுதான் அதிகம், ஆனால் அதற்கப்புறமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டுதான் இருக்கிறது. போன மாதம் தானாகச் சட்டை ஊக்கு மாட்டினாள்.

"இப்புடி இருக்கறதுக்கு அன்னிக்கே போயிருக்கலாம்" என்று ஒருத்தி போன வாரம் தெருவில் வைத்துச் சொன்னாள். முந்தி என்றால் தலையைக் குனிந்து நடந்திருப்பேன். கூடையை இறக்கி வைத்தேன். "அவளையே கேளேன். வீட்டுலதான் இருக்குறா," என்றேன். அவள் வரவில்லை.

இந்த ஆடிக்குப் பாப்பா மறுபடியும் காப்பு கட்டிக்கொண்டாள். கட்டுகிறதற்கு முன்னாலும், கட்டின பிறகு தினம் காலையிலும் மாத்திரை, எல்லார் கண்ணுக்கும் முன்னால், கால் கரண்டிக் கூழில் வைத்து. அவள் கரைக்கு வர முடியாது, அதனால் நான் போகிறேன். ஏலம் ஆரம்பிக்கிறதற்கு முன்னால், காப்பு கட்டின பெண்களைப் பார்த்து ஒவ்வொருத்தியாகக் கேட்கிறேன், மாத்திரை போட்டியா என்று. "வந்துட்டா பாரு டாக்டரம்மா," என்கிறார்கள். சொல்லட்டும். நாக்குக் குழறினாலோ, கண் ரெண்டாகத் தெரிந்தாலோ, நின்றவள் தள்ளாடினாலோ, மஞ்சள் தண்ணீரைத் தேடாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று கத்திச் சொல்கிறேன். கத்தினால் என் குரலும் கேட்கத்தான் செய்கிறது.

இதைப் பாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரெண்டு இடத்தில் கண்ணை இறக்கினாள். அன்றைக்கு ஏலத்தில் இருந்தது சங்கரா இல்லையாம், கிழங்கானாம். நான் மாத்திரை அட்டையைப் பார்த்தது நாலாம் நாளும் இல்லையாம், ஐந்தாம் நாளும் இல்லையாம், ஆறாம் நாளாம். ஏலக்காரி, அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், ஆனால் அடித்துத் திருத்தினால் தாள் கிழிகிறது, விட்டுவிட்டேன். மருந்து விஷயத்திலும் நான் காதில் வாங்கினது தப்பாக இருக்கலாம். படித்த டாக்டரோ நர்ஸோ யாராவது இதை ஒருமுறை பார்த்து, தப்பு இருந்தால் திருத்திக் கொடுங்கள். என்னைப் போல வாய் திறக்காதவள் யாராவது இதை நம்பி நடக்கக்கூடும்.